இரண்டு பெட்டிகளுக்கு நடுவில்

கண்ணு,

இதை ஆபீசில் வைத்துப் படிக்காதே. வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, பாட்டு எதுவும் போடாமல் படி. அம்மாவுக்கு இவ்வளவு எழுத வருமா என்று உனக்கு ஆச்சரியமாக இருக்கும். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள்தான் நான். எழுதுவதற்கு இதுவரை தேவை வரவில்லை, அவ்வளவுதான். போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். நீ "சொல்லும்மா" என்றதும் சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

போன மாதம் நானும் அப்பாவும் பெங்களூருக்கு உன் வீட்டுக்கு வந்திருந்தோம். நிவேதாவும் அவள் அம்மாவும் உங்கள் கல்யாணப் புடவை விஷயமாகப் பேச வந்திருந்தார்கள். நீ ஏதோ ஒரு பெரிய கடைக்குப் போய்விட்டு வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாய். கண்ணாடிக் கதவு போட்ட அறையில் சோபாவில் உட்கார வைத்து, ஆள் உயரப் பெட்டிகளில் பாட்டுப் போட்டுக் காட்டினார்களாம். "அதைக் கேட்டுட்டு வந்து இதைக் கேட்டா எரிச்சலா வருதும்மா" என்று உன் வீட்டு செட்டைக் காட்டினாய். அது போன வருஷம் நீயே ஆசைப்பட்டு வாங்கியது. பெட்டி வந்து இறங்கிய அன்று எனக்கு வீடியோவில் காட்டினாய். அதே செட்டில் ஒரு பாட்டைப் போட்டு, "இந்த எடத்துல கேளுங்க, எவ்வளவு மொன்னையா இருக்குன்னு" என்றாய். அந்த நேரம் பார்த்து நிவேதா தன் அம்மாவிடம், டீக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டாள். உன் கையிலிருந்த ரிமோட் அவள் தலையை உரசிக்கொண்டு போய் அலமாரிக் கண்ணாடியில் அடித்தது. கண்ணாடி நொறுங்கி அவள் மடியில் கொட்டியது. "ரெண்டு நிமிசம் வாயை மூடிட்டு இருக்க மாட்டியா?" என்று கத்தினாய். அப்புறம் உடனே சாரி சொன்னாய், சிரித்தாய். நிவேதாவும் சிரித்தாள். மடியில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே சிரித்தாள். அவள் அம்மா கூடச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அதே மாதிரி நானும் பல தடவை சிரித்திருக்கிறேன். அப்பா எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

நான் கல்யாணம் ஆகி வந்தபோது உன் அப்பா நெல்லியாளம் பக்கம் ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் கரண்ட் வேலை பார்த்தார். நான் குன்னூரில் பிறந்து வளர்ந்தவள். அங்கே குளிர்தான் பெரிசு. இங்கே மழை. ஆனியில் பிடித்தால் ஆவணி முடியும்வரை தகரக் கூரையின் மேல் யாரோ சரளைக் கல்லைக் கொட்டிக்கொண்டே இருப்பது போல இருக்கும். எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில்தான் இருந்தோம். ஒரு அறை, ஒரு அடுப்படி. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவில் இருந்த சுவர் கூரைவரை போகாது. அவர்கள் வீட்டில் தும்மினால் நம் வீட்டில் கேட்கும். துபாயில் இருந்த உன் மாமா எங்கள் கல்யாணத்துக்கு ஒரு ஸ்டீரியோ செட் கொண்டு வந்து கொடுத்திருந்தார். இரண்டு பக்கமும் ஸ்பீக்கரைத் தனியாகக் கழற்றி வைக்கலாம். லைனில் அப்படி ஒன்று வேறு யாரிடமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டு கேட்பார்கள். உன் அப்பா அதைத் துடைத்துத் துடைத்து வைப்பார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்த காலம் அது. உனக்கு அப்போது ஒரு வயசு இருக்கும்.

அந்த வருஷம் எஸ்டேட்டுக்குப் புது மேனேஜர் வந்தார். தொரை என்றுதான் எல்லாரும் சொல்வோம். கல்யாணம் ஆகிப் பெண் குழந்தை உள்ளவர், நல்ல மனுஷர். பாட்டுக் கேட்பதில் பைத்தியம். அவருடைய பங்களாவில் வோல்டேஜ் இறங்கி இறங்கி ஏறுகிறது, செட் கெட்டுவிடும் என்று தனியாக வயர் இழுக்க உன் அப்பாவைக் கூப்பிட்டார். வேலை முடிந்ததும், "உனக்குப் பிடிச்ச கேசட் ஏதாவது இருந்தா எடுத்துட்டு வாப்பா, போட்டுப் பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். இவர் வீட்டுக்கு ஓடி வந்து நம் கேசட் ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது அவர் முகம் காய்ச்சல் கண்டவர் முகம் மாதிரி இருந்தது.

"ஏ புள்ள, நம்ம கேசட்டுதான். அதே பாட்டுதான். அந்தம்மா பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னால மூச்சு இழுக்கறது கேக்குது. ரெண்டு பெட்டிக்கும் நடுவால, ஒண்ணுமே இல்லாத எடத்துல நின்னு பாடறாங்க. கையை நீட்டுனா தொட்டுப்போடலாமாட்ட இருக்குது."

அதே கேசட்டை நம் செட்டில் போட்டார். காதை ஸ்பீக்கரில் ஒட்டவைத்துக் கேட்டார். மூச்சு இல்லை. திருப்பிப் போட்டார். சத்தத்தைக் கூட்டினார், குறைத்தார். இல்லை. அந்தப் பாட்டை அதற்கு முன்னால் நூறு தடவையாவது கண்ணை மூடிக்கொண்டு ரசித்திருப்பார். அன்றைக்கு அணைத்துவிட்டு, "தகர டப்பா" என்றார்.

கொஞ்ச நாள் கழித்துத் தொரை வீட்டுக் குழந்தைக்குப் பிறந்த நாள். அடுப்படி உதவிக்கு லைனிலிருந்து நாலைந்து பெண்களைக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். கழுவிய தட்டுகளைத் துடைத்துக்கொண்டு நடையில் நின்றபோது உள்ளே பாட்டுப் போட்டார்கள். வீணை. வாசிப்பவரின் விரல் நரம்பின் மேல் வழுக்குவது கேட்டது. கேட்டது என்று சொன்னால் போதாது. அந்த விரல் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்தது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். வீட்டுக்கு வந்து நம் செட்டைப் போட்டேன். அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு யாரோ வாசிப்பது போல இருந்தது. நானும் அணைத்துவிட்டேன். உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "கேட்டியா? கேட்டியா புள்ள? நான் பொய் சொல்லலீல்ல?" என்று குழந்தை மாதிரி கேட்டார். ஏன் இதை எழுதுகிறேன் என்றால், உன் ஆசையைப் புரியாதவள் என்று நீ என்னை நினைத்துவிடக் கூடாது. எனக்கும் அந்தச் சத்தம் தெரியும். அதற்கப்புறம் வீட்டில் கேட்பது எதுவும் பிடிக்காமல் போவதும் தெரியும்.

பங்களாவில் கம்பளம் இருக்கிறது, கனமான திரைகள் இருக்கின்றன, நம் வீட்டில் வெறும் சுவர், அதனால்தான் சத்தம் சிதறுகிறது என்று அவர் முதலில் கண்டுபிடித்தார். நான் கடை வீதிக்குப் போய்த் திரும்பும்போது என் கூறைப் புடவை சுவரில் தொங்கியது. மேலும் கீழும் ஆணி அடித்து இறுக்கியிருந்தார். ஜரிகையில் ஏழெட்டு இடத்தில் ஓட்டை. "ஏனுங்க, இது என்னோட கல்யாணப் பொடவைங்க" என்றேன். "கட்டிட்டு எங்க போகப் போற?" என்றார். நான் சிரித்தேன். அதுதான் என் முதல் சிரிப்பு. அப்புறம் மழை வந்தது. கூரைச் சத்தத்தில் பாட்டுக் கேட்கவில்லை என்று, கொட்டுகிற மழையில் மேலே ஏறிச் சாக்குகளைப் பரப்பினார். சாக்கு நனைந்து கூரை ஒழுகியது. ஒழுகிய தண்ணீரைப் பிடிக்க நான் வைத்த பாத்திரத்தில் சொட்டு விழும் சத்தம் அவருக்கு ஆகவில்லை. பாத்திரத்தை எட்டி உதைத்தார். அது அடுப்படி நிலையில் மோதி விழுந்தது. நீ அழுதாய். நீ அழுதது இன்னொரு சத்தம்.

பக்கத்து வீட்டில் செல்லையா அண்ணன் இருந்தார். சிலோனிலிருந்து வந்த குடும்பம். ஒரு பழைய ரேடியோ வைத்திருப்பார். சாயந்தரம் வேலை முடிந்து வந்ததும் அதைப் போடாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. உன் அப்பா சுவரைத் தட்டுவார். ஒரு நாள் இரும்புக் கம்பியை எடுத்துச் சுவரில் ஓங்கி ஓங்கி அடித்தார். காரை பெயர்ந்து விழுந்தது. செல்லையா அண்ணன் வாசலுக்கு வந்தார்.

"தம்பி, எங்க வீட்டுல எங்க ரேடியோ பாடுது. உங்களுக்கு என்னா கஷ்டம்?"

"அமத்துங்கன்னா அமத்தோணும்."

"அமத்த ஏலாது. வெளங்குதா? கப்பல்ல வந்தப்போ கையில இருந்த சாமான் அது ஒண்ணுதான்."

உன் அப்பா அவரைத் தள்ளிவிட்டு உள்ளே போனார். ரேடியோவை வயரோடு பிடுங்கிக்கொண்டு வந்து படிக்குக் கீழே இருந்த பாறையில் அடித்தார். செல்லையா அண்ணன் இவர் சட்டையைப் பிடித்தார். இடுப்பில் இருந்த ஸ்பேனரை எடுத்து இவர் அவர் வாயில் அடித்தார். இரண்டு முன்பற்கள் போய்விட்டன. குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் கத்தினார்கள். ஆண்கள் ஓடிவந்து உன் அப்பாவைக் கீழே தள்ளி மிதித்தார்கள். நான் போய் மேலே விழுந்துதான் விலக்கினேன். எனக்கும் இரண்டு உதை விழுந்தது. யூனியன்காரர்கள் பேசி, இவரை மன்னிப்புக் கேட்க வைத்து, புது ரேடியோ ஒன்று வாங்கித் தரச் சொல்லி முடித்தார்கள். தொரை கூப்பிட்டு, இன்னொரு தடவை அடிதடி என்று வந்தால் வேலை இருக்காது என்றார். அதோடு வெளியே சண்டை நின்றது. வீட்டுக்குள் வந்துவிட்டது.

குக்கர் விசில் அடிக்கக் கூடாது. வளையல் போடக் கூடாது. பாட்டு ஓடும்போது நீ இருமினால் நான் உன்னைத் தூக்கிக்கொண்டு மழையில் வெளியே போய் நிற்க வேண்டும். ஒரு தடவை பருப்பு வெந்துகொண்டிருந்த குக்கரைத் தூக்கிக் கதவில் அடித்தார். மூடி தெறித்துப் பருப்பெல்லாம் சுவரில். பக்கத்து வீட்டு அக்கா என்ன சத்தம் என்று கேட்டபோது, கை வழுக்கிவிட்டது என்று சொல்லிச் சிரித்தேன். முடியைப் பிடித்து இழுத்திருக்கிறார். கன்னத்தில் அறைந்திருக்கிறார். அடித்து முடித்த பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பாவமாக இருக்கும். நான்தான் டீ போட்டுக் கொடுப்பேன்.

பிறகு கோயமுத்தூருக்குப் போய் இரண்டு புது ஸ்பீக்கர் வாங்கி வந்தார். தச்சரைக் கூடச் சேர்க்காமல் தானே பலாப்பலகையை அறுத்து, உள்ளே பஞ்சு அடைத்துப் பெட்டி செய்தார். ஒரு மாதம் அந்த வேலை. அந்த மாதம் முழுக்க வீட்டில் அடி இல்லை. செட்டை மாட்டிப் போட்டபோது நன்றாகத்தான் இருந்தது. மூச்சுக்கூடக் கொஞ்சம் கேட்டது. "வந்துருச்சு புள்ள" என்று உன்னைத் தூக்கிச் சுற்றினார். பத்து நாள் கூட ஆகியிருக்காது. பங்களாவில் ஃபியூஸ் போய்விட்டது என்று மறுபடியும் கூப்பிட்டார்கள். மறுபடியும் அந்தச் செட்டைக் கேட்டுவிட்டு வந்தார். வந்து நம் பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்து பாட்டைப் போட்டுவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஞாயிறு. காலை வெயில் அடித்தது. நான் துணி துவைத்துவிட்டு உள்ளே வந்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் கொல்லையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். நீ ஒரு ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாய். ஸ்பீக்கரின் நடுவில் சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்தது போல ஒரு குமிழ் இருக்குமே, அது பாட்டுக்குத் துடிப்பதைப் பார்த்து உனக்குச் சிரிப்பு. விரலை வைத்து அமுக்கினாய். அது உள்ளே போய்க் குழிந்துவிட்டது. உனக்கு அப்போது மூன்று வயசு முடியவில்லை. அவர் உள்ளே வந்து அதைப் பார்த்தார். உன் ஒரு கையைப் பிடித்து அப்படியே தூக்கினார். உன் கால் தரையில் இல்லை. சுவரைப் பார்த்து உன்னை ஓங்கினார்.

நான் நடுவில் போய் நின்றேன். உன்னை அவர் கையிலிருந்து பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். அவர் கை என் இடது காதில் இறங்கியது. விரித்த உள்ளங்கை, முழு வீச்சு. உள்ளே ஏதோ கிழிந்தது. வலிகூட முதலில் தெரியவில்லை. காதுக்குள் வெந்நீர் ஊற்றியது போல இருந்தது. விழுந்துவிட்டேன். உன்னை விடவில்லை. அவர் குனிந்து உன் காலைப் பிடித்து இழுத்தார். அடுப்புக்குப் பக்கத்தில் விறகு பிளக்க வைத்திருந்த கவ்வாத்துக் கத்தி இருந்தது. தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கத்தி, வளைந்த நுனி. அதை எடுத்து அவர் கையில் வெட்டினேன். முழங்கைக்குக் கீழே. பயமுறுத்துவதற்காக ஓங்கி அது தவறிப் பட்டது என்று நினைக்காதே. விடட்டும் என்றுதான் வெட்டினேன். விட்டார்.

ரத்தம் பலாப்பலகைப் பெட்டி மேலெல்லாம் பீய்ச்சியடித்தது. நீ கத்திக்கொண்டிருந்தாய். அந்தப் பாட்டு அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வலது பக்கப் பெட்டி மட்டும்தான் பாடுகிறது, இடது பக்கம் நின்றுவிட்டது என்று அந்த நிலையிலும் எனக்குத் தோன்றியது. நின்றது பெட்டி இல்லை.

செல்லையா அண்ணன்தான் முதலில் ஓடி வந்தார். பல் போன அதே மனுஷர். தன் துண்டைக் கிழித்து உன் அப்பாவின் கையைக் கட்டி, எஸ்டேட் ஜீப்பைக் கூட்டிவந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது ஃபேக்டரி ரோலரில் கை மாட்டிக்கொண்டது என்று உன் அப்பா சொன்னார். படியில் வழுக்கி விழுந்தேன் என்று நான் சொன்னேன். உள்ளதைச் சொன்னால் வேலை போகும், வீடும் போகும். உனக்கும் அதையே சொல்லி வளர்த்தோம். அப்பா கையில் உள்ள தழும்பு ரோலர் வெட்டியது, அம்மாவுக்குச் சின்ன வயசில் சீழ் வைத்து இடது காது போய்விட்டது என்று. இரண்டும் பொய். நீ எனக்குக் கடன்பட்டவன் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. உன் இடத்தில் எந்தக் குழந்தை இருந்திருந்தாலும் நான் நடுவில் போயிருப்பேன். ஆனால் இந்த வீட்டில் என்ன நடந்தது என்று தெரியாமல் நீ ஒரு பெண்ணைக் கட்டக் கூடாது.

நான் உன்னைத் தூக்கிக்கொண்டு குன்னூருக்குப் போய்விட்டேன். மாமா அப்போது துபாயை விட்டு வந்து அங்கேயே குடியிருந்தார். தேயிலை மூட்டை கட்டுகிற குடோனில் வேலைக்குச் சேர்ந்தேன். உன் அப்பா மாதம் ஒரு முறை பஸ் ஏறி வருவார். குடோன் வாசலில் நிற்பார். நான் பார்க்காமல் போவேன். ஒரு நாள் நம்மோடு ஸ்டேஷன் பக்கம் வந்த உன் மாமா அவரைப் பார்த்துவிட்டார். சட்டையைப் பிடித்து இழுத்து, ஆட்டோ ஸ்டாண்டுக்கு முன்னாலேயே அடித்தார். மூக்கிலும் வாயிலும் ரத்தம். உன் அப்பா கையைத் தூக்கவில்லை, முகத்தைக்கூட மறைக்கவில்லை. நான் தடுக்க ஓடவில்லை. நீ பார்க்கக் கூடாது என்று உன்னை வேறு பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. அப்புறம் அவர் எழுந்து, சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த மாதமும் வந்தார்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, வீட்டுக்கு வந்துவிடு என்று கேட்டார். இனிமேல் அடிக்க மாட்டேன் என்று அவர் சொன்னதை நான் கேட்டுக்கொள்ளவில்லை. அதை முன்னாலும் சொல்லியிருக்கிறார். "வர்றனுங்க. ஆனா அந்தக் கத்தி என்ற தலமாட்டுலதான் இருக்கும். ஏன்னு நீங்க ஒரு நாளும் கேக்கக் கூடாது" என்றேன். "இருக்கட்டும்" என்றார். இருந்தது. நீ ஹைஸ்கூல் போகும்வரை என் பாய்க்கு அடியில் இருந்தது. நீ அதைப் பார்த்துக் கேட்டபோது பாம்புக்கு என்று சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். திரும்பிப் போன பிறகும் ஒரு தடவை அவர் கை ஓங்கியது உண்டு. கரண்ட் போய்ப் பாட்டுப் பாதியில் நின்ற நாள். நான் பாய்ப் பக்கம் பார்த்தேன். அவர் கை அந்தரத்தில் நின்றது. எழுந்து மழையில் ஃபேக்டரிப் பக்கம் நடந்து போய்விட்டார். அதற்கப்புறம் அதுதான் வழக்கம். சத்தம் பிடிக்கவில்லை என்றால் அணைத்துவிட்டு நடப்பார். அந்த ஆசை அவரை விட்டுப் போகவே இல்லை. உனக்கு வயருக்கு ஈயம் வைத்து ஒட்டச் சொல்லிக் கொடுத்தார், ஸ்பீக்கர் கட்டச் சொல்லிக் கொடுத்தார். பாட்டின் மேல் உனக்கு உள்ள பைத்தியம் அவர் கொடுத்தது. மற்றதை அவர் கொடுக்கவில்லை என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

நல்ல செட் வேண்டும் என்று நினைப்பதில் ஒரு தப்பும் இல்லை. நல்லதைக் கேட்ட காதுக்கு மற்றது மட்டமாகத்தான் கேட்கும். சம்பாதிக்கிறாய், வாங்கு. வாங்க முடியாவிட்டால் எரிச்சல் வரும், வரட்டும். ஆனால் பெட்டியின் மேல் வருகிற எரிச்சலுக்குப் பெட்டியை அடித்து ஆறுதல் கிடைக்காது கண்ணு. அது கத்தாது, அழாது. அதனால் கை பக்கத்தில் இருக்கிற ஆளைத் தேடுகிறது. அதைவிட நல்ல பெட்டி வாங்கினாலும் அதைவிட நல்லது இன்னொரு கடையில் இருக்கும். அன்றைக்கும் பக்கத்தில் யாராவது இருப்பார்கள்.

போன வாரம் நிவேதாவை இங்கே வரச் சொன்னேன். கூடலூர் வரை பஸ்ஸில் வந்தாள். அப்பா போய்க் கூட்டி வந்தார். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், அவளைக் கோபிக்காதே. அடுப்படியில் உட்கார வைத்து இந்தக் கதை முழுவதும் சொன்னேன். கடைசிவரை கேட்டாள். அப்புறம், "அத்தை, ரிமோட்டு மொதத் தடவை இல்லீங்க" என்றாள். சுடிதார் கையை மேலே ஏற்றிக் காட்டினாள். உன் நாலு விரலும் பதிந்து பச்சையாக இருந்தது. "பாட்டு ஓடும்போது கதவைச் சாத்துனனுங்க. சத்தம் வந்துருச்சு" என்றாள். அதைச் சொல்லும்போதும் சிரிக்கப் பார்த்தாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். "சிரிக்காத சாமி" என்றேன். அப்போதுதான் அழுதாள்.

பத்திரிகை அச்சடிப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். மண்டபத்துக்காரரிடமும் பேசிவிட்டேன். "நான் யோசிக்கணுமுங்க அத்தை" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். "யோசி. வேண்டாம்னு தோணுச்சுன்னா நானே வந்து உங்கம்மாகிட்டச் சொல்றேன். பழி எம்மேல இருக்கட்டும்" என்றேன். நீ அவளாகக் கூப்பிடும்வரை அவளைக் கூப்பிடாதே. அவள் தங்கியிருக்கிற ஹாஸ்டல் வாசலில் போய் நிற்காதே. என் மேல் கோபம் வரும். வந்தால் இங்கே வா. என்னிடம் கத்து, திட்டு. நான் கேட்டுக்கொள்கிறேன். உன்னைப் பெற்றவள் உனக்கு எதிராக நிற்கிறாளே என்று நினைக்காதே. அன்றைக்கு எங்கே நின்றேனோ அங்கேதான் இப்போதும் நிற்கிறேன்.

இதை எழுதி முடித்துவிட்டு உன் அப்பாவிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். அவருக்குத் தெரியாமல் அனுப்பக் கூடாது என்று பட்டது. கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். உன்னைச் சுவரைப் பார்த்து ஓங்கிய இடத்தில், "கோவத்தில் அவருக்குக் கண் தெரியவில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அவருக்காகத்தான் எழுதினேன். அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"அந்த வரியை அடிச்சுடு புள்ள. தெரிஞ்சுது. கொழந்தைன்னு தெரிஞ்சுது. செவுருன்னும் தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் ஓங்குனேன்னு எழுது. அவனுக்கும் அந்த நேரத்துல எல்லாம் தெரியும். தெரியலைன்னு அவன் சொல்லுவான். நம்பாதே."

எழுதிவிட்டேன்.

அம்மா